பவளத் தொட்டிக்கு எத்தனை மடங்கு ஓட்டம்? அந்தக் கேள்விக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் மூன்றடி நீளப் பவளத் தொட்டி வைத்திருக்கும் ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. தொட்டி ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். தொட்டிக்குள்ளேயே நீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் என்ற பம்ப் ஒன்று, மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுவது; கீழே சம்ப் என்னும் துணைத்தொட்டியிலிருந்து நீரை ஏற்றும் 2,000 லிட்டர் பம்ப் ஒன்று. கூட்டினால் 6,000 லிட்டர். தொட்டி நீரைப் போல 30 மடங்கு. விளக்கு நல்ல விளக்கு. காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் சோதனையில் சரியாகவே வருகின்றன. ஆனாலும் மான்கொம்புப் பவளத்தின் அடிக்கிளைகள் ஒவ்வொன்றாக வெளுக்கின்றன. ஹாமர் பவளம் ஒரு பக்கம் மட்டும் விரிகிறது. பின்புற இடது மூலையில் மணல்மேல் சிவப்புப் படலம் படிகிறது, உறிஞ்சி எடுத்தாலும் மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடுகிறது. "30 மடங்கு போதாதா? 50 ஆக்க வேண்டுமா?" என்று கேட்டு, தொட்டியின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று நோய்கள் அல்ல. ஒரே தொட்டியில் ஒரு மூலைக்கு வெள்ளம், இன்னொரு மூலைக்கு வறட்சி என்று இருப்பதன் மூன்று முகங்கள் அவை. 30 என்பது பம்ப்பின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கணக்கு. அந்த நீர் எந்தப் பவளத்தைத் தொட்டது, எதைத் தொடாமலே திரும்பியது என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால் எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பவளத்துக்கு ஓட்டம் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது மனத்தில் பதிந்துவிட்டால் பம்ப்பை எங்கே ஒட்டுவது என்று உங்கள் கையே சொல்லும்.

மீனுக்குப் பசித்தால் தீனியைத் தேடிப் போகும். மூச்சு முட்டினால் மேல்மட்டத்துக்கு வரும். பவளமோ ஒட்டிய இடத்திலேயே வாழ்ந்து முடிக்கிற உயிர். ஆக்சிஜன், உணவு, கூட்டைக் கட்டுவதற்கான கால்சியம், கார்பனேட் எல்லாம் அதன் வாசலுக்கு வந்து சேர வேண்டும். கழிவும் சளியும் வாசலைவிட்டு அகல வேண்டும். வரவு, செலவு இரண்டையும் நடத்துவது ஓடும் நீர்.

காற்றே இல்லாத நாளில் கொடியில் போட்ட வேட்டி மாலைவரை ஈரமாகவே தொங்கும். வெயிலுக்கு அன்று குறைவிருக்காது. துணியை ஒட்டி நிற்கும் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்துவிட்டது, அது நகரவில்லை, அவ்வளவுதான். பவளத்தின் தோலை ஒட்டியும் இப்படி ஒரு நீர்ப்படலம் நிற்கிறது. எல்லைப் படலம் என்று அதைச் சொல்வார்கள். ஓட்டம் மந்தமாக இருந்தால் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்வரை தடிக்கும். ஓட்டம் வலுத்தால் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்காக மெலியும். ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றும். ஆனால் ஆக்சிஜன் தானாகப் பரவும் வேகம், காற்றில் இருப்பதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. பவளத்துக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் கோட்டை மதில்.

மதிலுக்கு உள்ளே நடப்பதை 1990களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தலைமுடி போன்ற நுண் உணர்விகளைப் பவளத் தோலின்மேல் வைத்து அளந்தபோது, வெளிச்சத்தில் அங்கே ஆக்சிஜன் சாதாரணக் கடல்நீரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. இருட்டில் அதே தோலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பகலில் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகின்றன. இரவில் பவளமும் பாசியும் சேர்ந்து இருப்பதையெல்லாம் குடித்துவிடுகின்றன. ஓட்டம் குறைந்த இடத்தில் இருக்கும் பவளம் ஒவ்வொரு பகலும் மிகுதியாலும் ஒவ்வொரு இரவும் பற்றாக்குறையாலும் அவதிப்படுகிறது. உங்கள் சோதனைக் குப்பி தொட்டியின் நடு நீரை அளக்கிறது. அடிக்கிளையின் தோல்மேல் நிற்கும் நீரை அது அளப்பதில்லை.

ஆக்சிஜன் மிகுந்தால் நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். இல்லை. கார்பனைப் பிடிக்க வேண்டிய நொதி ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்கிவிடும். செல்லைச் சிதைக்கும் வேதிப்பொருள்களும் பெருகும். ஓட்டம் கூடும்போது ஒளிச்சேர்க்கை கூடுவதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன் விரைவாக வெளியேறுவதே என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதை ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து: விளக்கைக் கூட்டுகிறவர் ஓட்டத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். விளக்குக்கு ஆயிரம் வெள்ளி செலவழித்துவிட்டு, ஓட்டத்துக்கு ஐம்பது வெள்ளிப் பம்ப் ஒன்றை ஒட்டிவிட்டு, பவளம் வெளுக்கிறதே என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விளக்கே அங்கே சுமையாகிவிடுகிறது.

1998ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கடல் சூடேறி உலகெங்கும் பவளங்கள் வெளிறின. மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. ஜப்பானின் ஒகினாவாவில், ஒரே கடலில், ஒரே சூட்டில், சில இடங்களில் பவளம் மடிந்தது, சில இடங்களில் பிழைத்தது. ஏன் என்று தேடியவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று நீரோட்டம். மான்கொம்பு அடங்கும் அக்ரோபோரா வகைப் பவளத்தைத் தொட்டிக்குக் கொண்டுவந்து, ஒரு பகுதிக்கு விநாடிக்கு 2, 3 சென்டிமீட்டர் நகரும் நீரும் இன்னொரு பகுதிக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் விரையும் நீரும் கொடுத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். விரையும் நீரில் இருந்தவை தாங்கின. நீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதாகிற ஒரு நாளில் உங்கள் தொட்டியில் எது பிழைக்கும் என்பதற்கும் இதுதான் பதில்.

பவளம் முற்றிலும் கையாலாகாத உயிரும் அல்ல. தோலில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளை அசைத்துத் தன்னைச் சுற்றிக் குட்டிச் சுழல்களை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது என்று 2014இல் படம்பிடித்துக் காட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் அந்தச் சுழல்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஓட்டம் இல்லாத மூலையில் நாம் வைத்துவிட்ட பவளம், இருக்கும் பலத்தைக் கொண்டு தன் மூச்சுக்குத் தானே விசிறிக்கொண்டிருக்கிறது.

நான் பாம்பன் பக்கம் வளர்ந்தவன். தனுஷ்கோடி சாலையில் நின்றால் ஒரு புறம் பாக் நீரிணை, மறு புறம் மன்னார் வளைகுடா. அமைதியான முதலாவதைப் பெண் கடல் என்றும், அலை அடிக்கும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். சில நூறு மீட்டர் மணல்தான் இடையில். இரண்டு பக்கமும் பவளம் உண்டு. பொதுவாக, வண்டல் இறங்கும் அமைதியான நீரில் உருண்டையான, தடித்த பவளங்கள் நிலைக்கும். அலை கழுவும் நீரில் கிளைவிடும் பவளங்கள் செழிக்கும். ஆனால் பெண் கடல் எப்போதும் அமைதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் குமுறும். வாடை தொடங்கினால் பெண் கடல் பொங்கும். காற்று மாறினால் நீவாடும் மாறும். நீவாடு என்பது கடலோட்டத்துக்கு எங்கள் மீனவர் வைத்திருக்கும் சொல். வலை இறக்குமுன் அவர்கள் பார்ப்பது அதைத்தான். கடலில் எந்தப் பவளமும் வருடம் முழுவதும் ஒரே திசையிலிருந்து ஒரே வேகத்தில் அடிபட்டுக்கொண்டிருப்பதில்லை. நம் தொட்டியில்தான் அந்தக் கொடுமை நடக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடற்கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் தொட்டிக்கென்று எடுத்துவராதீர்கள்.

இனி உங்கள் தொட்டி. படத்தில் வலது கண்ணாடியின் முன்பக்கம் வேவ்மேக்கர் ஒட்டியிருக்கிறது. அது இடப்புறம் நேராகப் பார்க்கிறது. அதற்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரில், ஹாமர் பவளம். பாறைகளைப் பின் கண்ணாடியோடு ஒட்டிச் சுவர்போல அடுக்கியிருக்கிறீர்கள். மான்கொம்புப் பவளம் நடுவில், நெருக்கமான கிளைகளோடு, இரண்டு கைகளால் அணைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. படத்தைப் பார்த்த உடனே நீர் போகும் வழியும் போகாத வழியும் தெரிந்துவிட்டன.

வலப்புறமிருந்து வரும் நீர் ஹாமரின் ஒரு கன்னத்தில் ஓயாமல் அறைகிறது. ஹாமர் போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களின் கூடு விளிம்பு கத்திபோல் கூரானது. ஒரே திசையில் நீர் அழுத்தினால் சதை அந்த விளிம்பின்மேல் தேய்ந்து கிழியும். அந்தப் பக்கம் விரியாமல் சுருங்கிக்கொள்வது அதன் தற்காப்பு. அடுத்து அந்த நீர் மான்கொம்பின் வெளிக்கிளைகளில் மோதிச் சிதறுகிறது. உள்ளே நுழையும்போது அதற்கு உயிரே இல்லை. குட்டித் துண்டாக வாங்கி வைத்தபோது போதுமாக இருந்த ஓட்டம் இன்று போதவில்லை, ஏனென்றால் பவளமே தனக்குத் தடுப்பணை கட்டிக்கொண்டுவிட்டது. மிச்ச நீர் இடது கண்ணாடியில் மோதி, முன்பக்கமாகவே திரும்பி வந்துவிடுகிறது. பாறைச் சுவருக்குப் பின்னால் போக அதற்கு வழியில்லை. அங்கே கசடு இறங்கி அழுகுகிறது. சிவப்புப் படலத்துக்கு, அதாவது சயனோபாக்டீரியாவுக்கு, அது தினமும் விருந்து. நீங்கள் உறிஞ்சி எடுப்பது படலத்தை மட்டும். சமையலறை அங்கேயே இருக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நுரையாகக் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, பம்ப்புகளை ஓடவிட்டு, மீன் தீனியாக விற்கும் உறைந்த ஆர்டீமியாவை நீரில் கரைத்து வேவ்மேக்கரின் வாயருகே ஒரு சிட்டிகை விடுங்கள். ஒரே ஒரு துணுக்கைக் கண்ணால் பின்தொடருங்கள். எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். பத்துத் துணுக்குகளைப் பின்தொடர்ந்தால் தொட்டியின் முழு வரைபடமும் உங்கள் மனத்தில் வந்துவிடும். இரண்டாவது சோதனை: ரப்பர் குமிழ் வைத்த நீண்ட குழாயால் பாறை இடுக்குகளில் நீரைப் பீய்ச்சுங்கள். எந்த இடுக்கிலிருந்து பழுப்பு மேகம் கிளம்புகிறதோ, அங்கே ஓட்டம் போவதில்லை. மேகம் எழுந்தபின் கீழே இறங்காமல், நீர் சம்ப்புக்கு வழிந்தோடும் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. அதே இடத்தில் மறுபடி படிந்தால் குறை அங்கேதான்.

முதல் வேலை பம்ப் வாங்குவது அல்ல, பாறையை நகர்த்துவது. பின் கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையே நான்கு விரற்கடையாவது, முடிந்தால் பத்து சென்டிமீட்டர், இடைவெளி விடுங்கள். சுவரை உடைத்து இரண்டு குன்றுகளாக்குங்கள். நடுவே ஒரு வாய்க்கால். அடிப்பாறைகள் மணலோடு முழுதும் ஒட்டாமல் இரண்டு மூன்று கால்களில் நிற்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும், கை உப்பில் ஊறிப்போகும். ஆனால் இந்த வேலையால் கிடைக்கும் பலனை எந்த விலையுயர்ந்த பம்ப்பும் தராது. பாறையைச் சுவராக அடுக்கிவிட்டு ஓட்டத்தைப் பம்ப்பால் ஈடுகட்ட நினைப்பது, ஜன்னலை அடைத்துவிட்டு மின்விசிறியை வேகமாக வைப்பது போன்றது.

பிறகு பம்ப். சம்ப்பிலிருந்து வரும் 2,000 லிட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றேகால் மீட்டர் உயரம் ஏற்றி, வளைவுகளைக் கடந்து வரும்போது அதில் பாதிதான் மிஞ்சும். அதன் வேலையும் வேறு: மேல்மட்ட நீரை ஸ்கிம்மருக்கும் சில்லருக்கும் கொண்டுபோவது. அதை மெதுவாக ஓடவிடுவதே நல்லது.

தொட்டிக்குள் ஓட்டத்தைத் தருவது விசிறி இறக்கை வைத்த வேவ்மேக்கர்தான். குறுகிய வாயால் பீய்ச்சும் பழைய பவர்ஹெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பீய்ச்சுவதற்கும் வாய்க்காலில் மடை திறப்பதற்கும் உள்ளது. பீய்ச்சும் நீர் ஓர் இடத்தைத் துளைக்கும். மடை நீர் அகலமாக வந்து வயலையே நனைக்கும். பவளத்துக்கு வேண்டியது இரண்டாவது. ஜெர்மனியின் டுன்ஸே போன்ற நிறுவனங்கள் 2000களின் தொடக்கத்தில் இந்த வகைப் பம்ப்புகளைக் கொண்டுவந்த பிறகுதான், குறைந்த மின்சாரத்தில் பெரும் ஓட்டம் என்பது வீட்டுத் தொட்டிகளுக்குச் சாத்தியமாயிற்று. அதற்கு முன்னால் ஓட்டத்துக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்தார்கள். ஹவாயின் வைகிகி அக்வேரியத்தில் புரூஸ் கார்ல்சன், மேலே ஒரு பீப்பாயை நிரப்பி, அது சைஃபன் முறையில் ஒரேயடியாகத் தொட்டிக்குள் கவிழுமாறு அமைத்தார். அலை கரையில் உடைவதைப் போலவே நீர் பொங்கி அடங்கும். வால்டர் ஏடி என்பவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் கவிழும் வாளிகளை வைத்து அலை எழுப்பினார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1960களின் தொடக்கத்தில், ஜகார்த்தாவின் லீ சின் எங், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையான உயிர்ப்பாறையையும் வெறும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே பவளங்களை வாழவைத்தார். குமிழி எழும்போது நீரும் மேலெழுகிறது. அந்த மெல்லிய ஓட்டமே மென்பவளங்கள் பலவற்றுக்குப் போதும் என்பதை அவர் தொட்டி காட்டிவிட்டது.

உங்களுக்கு இன்னொரு வேவ்மேக்கர் தேவை. இருப்பதைப் போலவே மணிக்கு 4,000 முதல் 6,000 லிட்டர் தள்ளும், வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் முடிகிற ஒன்று. ஒன்றை வலது கண்ணாடியில் பின்பக்கமாக வையுங்கள். அது பாறைக்குப் பின்னால் நீங்கள் திறந்த இடைவெளி வழியே தள்ளட்டும். மற்றதையும் அதேபோல இடது கண்ணாடியில் பின்பக்கமாக வையுங்கள். ஒன்று மேலோங்கி ஓடும்போது தொட்டி நீர் முழுவதும் ஒரு சக்கரமாகச் சுழலும்; மற்றது மேலோங்கினால் அந்தச் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். பாயசம் கிண்டுகிறவர் நடுவில் மட்டும் கரண்டியைச் சுற்றுவதில்லை. ஓரத்தைத் தொட்டு, அடியை வழித்துக் கிண்டுவார், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். தொட்டியிலும் அதே கதைதான். ஓரத்தோடு தள்ளினால் மொத்த நீரும் ஒரு கனமாக நகரத் தொடங்கும்; ஒருமுறை நகர்ந்துவிட்டால் கொஞ்சம் தள்ளினாலே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அதை நாள் முழுதும் ஒரே பக்கம் சுழலவிடாதீர்கள். ஒரு பம்ப்பைச் சில மணி நேரம் மேலோங்கவிட்டு, பிறகு அதைத் தணித்து மற்றதை மேலோங்கவிடுங்கள். இடையில் அரைமணி நேரம் இரண்டையும் வலுவாக ஓட்டினால் ஓட்டங்கள் மோதி நீர் கலங்கும். அந்தக் கலக்கத்தில்தான் மான்கொம்பின் உள்கிளைகளுக்கு எல்லாத் திசையிலிருந்தும் நீர் நுழையும். இரவில் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, பம்ப்புகளிலேயே அதற்கொரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 26 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்துக்கொள்ளும். இரவில் தொட்டியில் உள்ள ஒவ்வோர் உயிரும் அதில் கை வைக்கிறது, கொடுப்பார் யாருமில்லை. அப்போது மேல்மட்டம் பகலைவிட நன்றாகச் சலசலக்க வேண்டும். விளக்கு அணைந்தபின் ஒரு பம்ப்பைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஓட்டுவது என் வழக்கம்.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருகிறேன். மென்பவளங்களும் காளான் பவளங்களும் மட்டும் இருக்கும் தொட்டிக்கு 10 முதல் 20 மடங்கு போதும். ஹாமர், டார்ச் போன்ற சதைப்பற்றுள்ள பவளங்கள் 20ஐ ஒட்டிய, ஆனால் சிதறிய ஓட்டத்தில் மகிழ்ச்சியாக இருக்கும். மான்கொம்பு முதலான கிளைப் பவளங்கள் 40, 50 மடங்குக்கும் அஞ்சுவதில்லை. உங்களிடம் இரண்டு வகையும் இருப்பதால், 40 மடங்கு தரக்கூடிய பம்ப்புகளை வைத்துக்கொண்டு, ஹாமரை ஓட்டத்தின் நேர்வழியிலிருந்து விலக்கி, குன்றின் மறைவில் கீழே இறக்கிவிடுங்கள். அதன் கைகள் காற்றில் நெற்பயிர் அசைவதுபோல் இப்படியும் அப்படியும் ஆட வேண்டும். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் ஓட்டம் அதிகம். அசையாமல் தொங்கினால் குறைவு. இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தோல்பவளம் உங்களிடம் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, வலது ஓரத்தில் குடைபோல் நிற்பது. அது வாரக்கணக்கில் மூடிக்கொண்டு, மெழுகு பூசியதுபோல் மின்னி, செத்துவிட்டதோ என்று பயமுறுத்தும். பயப்படாதீர்கள். அது சட்டை உரிக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் வெங்காயத் தோலைப் போன்ற ஒரு மெல்லிய ஏடு விளிம்பில் பிரிந்து படபடத்துக்கொண்டிருக்கும். ஓட்டம் இருந்தால் ஒருநாள் அது முழுதாகக் கழன்று பறந்துபோகும். அடியில் புதுத்தோலும், அடுத்த நாளே அதன்மேல் பாலிப்கள் எனப்படும் பூப்போன்ற சிறு உயிர்களும் தெரியும். ஓட்டம் இல்லாவிட்டால் அந்த ஏடு அங்கேயே ஒட்டி அழுகி, அடியில் இருக்கும் சதையையும் சேர்த்து அரித்துவிடும். என் முதல் தொட்டியில் தோல்பவளம் ஒன்றை நான் இப்படித்தான் இழந்தேன். நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் அதற்குத் தேவைப்பட்டது, கொஞ்சம் நீரோட்டம்.

ஆர்வத்தில் செய்யக்கூடிய தவறுகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பம்ப்பை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். பாதிக்கும் கீழே தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உங்கள் மணல் மாவுபோல நுண்மையாக இருந்தால் முன் மூலையில் தரை தெரியும்வரை பறந்துவிடும். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் நிலைக்கும். பம்ப்பில் அலை எழுப்பும் முறை ஒன்று உண்டு. தொட்டியின் இயல்பான அலைவு நேரத்தோடு துடிப்பை ஒத்திசைத்தால், சிறிய பம்ப்பே மொத்த நீரையும் ஊஞ்சலாட்டும். மூன்றடித் தொட்டியில், நீர் ஒன்றரை அடி ஆழம் என்றால், அந்த நேரம் ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். பவளங்களுக்கு அந்த ஊஞ்சல் மிகவும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் 200 கிலோ நீர் கண்ணாடியையும் ஸ்டாண்டையும் மாறி மாறி இழுக்கிறது. ஸ்டாண்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் அந்த முறையை விட்டுவிடுங்கள்.

கடல் சாமந்தி வைத்திருந்தால் பம்ப்பின் வாய்க்குக் கம்பிவலைபோன்ற காப்பு கட்டாயம் வேண்டும். ஓட்டம் மாறியதும் அது தனக்குப் பிடித்த இடத்தைத் தேடி நடக்கத் தொடங்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் என் தொட்டி பால்போல் கலங்கியிருந்தது. இரவில் நகர்ந்த சாமந்தி இறக்கையில் சிக்கிவிட்டது. அதிலேயே குடியிருந்த கோமாளி மீன்கள் இரண்டும் பம்ப்பின் அருகே போவதும் வருவதுமாக இருந்தன. அதைப் பார்த்தவர் யாரும் காப்பு இல்லாமல் பம்ப்பை ஒட்ட மாட்டார்.

பம்ப்பும் ஒரு வெப்பமூட்டிதான் என்பதை நம் ஊர் வெப்பத்தில் மறக்கக் கூடாது. தின்னும் வாட்டெல்லாம் கடைசியில் நீரில் சூடாகவே இறங்கும். மின்சாரம் குறைவாகத் தின்னும் டி.சி. வகையைத் தேர்ந்தெடுங்கள், சில்லர் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேவ்மேக்கரைக் கழற்றிக் கழுவுங்கள். இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி இறக்கையிலும் வலையிலும் படிந்து ஓட்டத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அது சிறிது சிறிதாக நடப்பதால் கண்ணுக்குப் படாது. "எதையும் மாற்றவில்லை, திடீரென்று பவளம் வாடுகிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்றுதான். ஒரு வாளி நீரில், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கரைத்து, பம்ப்பை அதற்குள் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கழன்றுவிடும். பிறகு நல்ல நீரில் அலசுங்கள். கழுவி மாட்டியதும் ஓட்டம் சட்டென்று கூடியிருக்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள்.

அடிக்கிளை வெளுப்பதற்கு ஓட்டம் மட்டுமே காரணமாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காரத்தன்மை ஒரு வாரத்தில் ஏறி இறங்கினாலும் கிளைப் பவளம் அடியிலிருந்தே உரியும். ஒருநாள் சோதனை சரியாக இருப்பது போதாது; ஏழு நாள் ஒரே நேரத்தில் அளந்து எழுதிப் பாருங்கள். வெளுத்த இடத்தின் ஓரத்தில் வட்ட வட்டமான கடித்த தடங்கள் இருந்தால் அது தட்டைப்புழு. அதற்கு வைத்தியம் வேறு. இவை இரண்டும் இல்லையென்றால் ஓட்டம்தான்.

ஏற்கெனவே வெளுத்துப்போன கிளைகளில் பாசி பிடித்திருந்தால் அவற்றை வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே நெருக்கியடிக்கும் நல்ல கிளைகளிலும் இரண்டு, மூன்றை வெட்டித் தனித்தனியாகப் பாறையில் ஒட்டலாம். தாய்ப்பவளத்தின் உள்ளே நீர் நுழைய வழி கிடைக்கும், உங்களுக்குக் குட்டிகளும் கிடைக்கும்.

பாறையை நகர்த்தி, பம்ப்பை மாற்றி, மூன்று வாரம் வேறு எதையும் தொடாமல் விடுங்கள். அதன்பின் ஒரு நாள் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு தொட்டியருகே உட்காருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்குப் பாலிப்கள் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. மான்கொம்பின் நுனியைப் பார்க்க வேண்டாம். அது இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அடியில், வெளுப்பு நின்ற கோட்டுக்கு மேலே இருக்கும் சதையைப் பாருங்கள். அங்கே பாலிப்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல நீட்டி, இரண்டு பக்கமும் அசைந்துகொண்டிருக்கின்றனவா என்று பார்த்து, முடிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பம்ப்பின் வேகத்தை இன்னும் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.